வளைவில் காத்திருந்த குடம்

மலை மடத்து அம்மையாருக்குத் தில்லைநாயகத்தைவிட வயது குறைவு. குரு அவர்தான், ஆனாலும் சீடரை "அண்ணே" என்றே கூப்பிடுவார்.

மடத்தில் பழைய கறுப்புக் கார் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. எப்போதோ ஒரு பக்தர் கொடுத்தது. இளவயதில் மடத்துக்கு வந்த நாளிலிருந்து தில்லைநாயகம்தான் அதை ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பதைவிடக் கெஞ்சிக் கூத்தாடி நகர்த்துகிறார் என்பதே சரி.

இப்போது அந்தப் பக்தரின் பேரன், தாத்தாவின் காரைக் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டுத் திருப்பிக் கேட்டிருந்தான். சும்மா கேட்கவில்லை, பதிலுக்குச் சின்ன பேட்டரி கார் ஒன்றை அனுப்பியிருந்தான். சாயந்திரம் சாவிக்கு ஆள் வரும். அம்மையார் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தில்லைநாயகம் பழைய காரின் சாவியை இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் அடிவாரக் கோயிலுக்குப் போய்விட்டு இருவரும் புது வண்டியில் மலையேறினார்கள்.

"இதெல்லாம் ஒரு வண்டியாம்மா? கதவைச் சாத்துனா சோப்பு டப்பாவை மூடுற மாதிரி இருக்கு."

"ம்."

"சத்தமே இல்ல. ஆடுகூட ஒதுங்க மாட்டேங்குது. நம்ம பழைய வண்டியில ஏறி உக்காந்தா என்ன கம்பீரம்!"

"சுகமா ஏறுதேண்ணே."

உண்மைதான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பழைய கார் மூச்சிரைத்துத் திணறும் மேட்டில் இது பூனைக்குட்டி மாதிரி ஏறியது.

"ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. ரெண்டுல எது நல்ல வண்டி?"

அம்மையார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். புளியமரத்து வளைவு வந்தது.

பழைய கார் ரேடியேட்டர் கொதித்து, ஆவி கக்கி நிற்பது அங்கேதான். ஒருநாளும் தப்பாது. வளைவில் குடியிருக்கும் குருவம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குடத்தோடு காத்திருப்பாள். தண்ணீர் ஊற்றி வண்டி ஆறுகிறவரை பேச்சு ஓடும். அவள் மகளுக்குக் கல்யாணம் கூடியதையும், மாடு செத்ததையும் அம்மையார் கேட்டது அந்த நிழலில்தான்.

புது வண்டி வளைவை வழுக்கிக்கொண்டு தாண்டியது. குடத்தோடு நின்ற குருவம்மா கண்ணாடியில் சிறுத்துப்போனாள்.

"பாத்தீங்களாம்மா! அதுவா இருந்தா தானா நின்னிருக்கும்."

"ஆமாண்ணே. இத்தனை வருஷம் அது நின்னுச்சு. இன்னைக்கு நீங்க நிறுத்துங்க."

வண்டி பின்னால் வந்தது. குருவம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு எங்கிட்டு சாமி ஊத்தணும்?"

"இதுக்குத் தண்ணி வேணாம் குருவம்மா," என்றார் தில்லைநாயகம்.

அவள் முகம் வாடிவிட்டது.

"அப்ப இனிமே நான் குடத்தை எடுத்து வைக்க வேணாமா?"

அம்மையார் இறங்கி இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்.

"வைங்கக்கா. காருக்குத்தான் தாகம் இல்ல."

குருவம்மா சிரித்துக்கொண்டே ஊற்றினாள். அம்மையார் குடித்தார். தில்லைநாயகமும் குனிந்து குடித்தார். இத்தனை வருடமும் ஒருநாள்கூடச் சலிக்காமல் ஊற்றினாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இடுப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"அப்ப... சாவியைக் குடுத்துடவாம்மா?"

"குடுத்துடுங்கண்ணே. முதல்ல அந்தப் பழைய வண்டியை விழுந்து கும்பிட்டுட்டு அப்புறம் குடுங்க. குருவம்மாக்காவை நமக்குக் குடுத்தது அதுதானே?"