பாறைப் பாசியும் தேவாங்கும்

மலைமேல் இருந்த அந்த மடத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு வேலாத்தாள், சீடர் ராக்கியப்பன்.

மடத்து ஊற்றுப் பாறையில் ஒரு பாசி படர்ந்திருந்தது. வேறெந்த மலையிலும் அது இல்லை என்று செடி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து ராக்கியப்பனுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். பக்கத்தில் நின்று யாராவது தும்மினால்கூடச் சண்டைக்குப் போவார்.

அடைமழையில் வேர் கிளம்பிய இலுப்பை மரம் அந்தப் பாறையின் பக்கம் சாய்ந்துவிட்டது. கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுத்து வைத்திருந்தார்கள். உடனே வெட்டினால் அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் விழும். கயிறு அறுந்தால் பாசியின்மேல் விழும்.

மரத்தை வெட்டுமுன் அதில் குடியிருக்கும் பறவை, பிராணிகளைப் போகச் சொல்லிவிட்டு, ஓர் இரவு காத்திருப்பது மடத்து வழக்கம். ராக்கியப்பன் காலையில் சொல்லிவிட்டு, காலையிலேயே கோடரியை எடுத்துவிட்டார்.

மேல்கிளையில் ஒரு தேவாங்கு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் தூங்கும் பிராணிக்கு அவர் சொன்னது எங்கே கேட்டிருக்கும்!

"பொறுங்க," என்றார் வேலாத்தாள்.

கயிறு நறநறத்தது.

"பொறுக்க நேரமில்லீங்கம்மா! தேவாங்கு வேலிக்கு வேலி கெடக்குது. இந்தப் பாசி ஒலகத்துலயே இங்க மட்டுந்தான். ரெண்டுல எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க!"

வேலாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறினார்.

"அம்மா! எறங்குங்க!"

"நீங்க வெட்டுங்க."

"நீங்க மேல இருக்கறப்பவா?"

"பொம்பளைங்களுந்தான் ஊரு பூரா இருக்கறாங்க. வெட்டுங்க."

 ராக்கியப்பன் கோடரியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். உள்ளங்கை கிழிந்தது. மேலே தேவாங்கு கிளையை விடமாட்டேன் என்றது. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அதை மடியில் கட்டிக்கொண்டு வேலாத்தாள் தரையில் குதித்தார். மறுநொடி கயிறு அறுந்து மரம் சாய்ந்தது. கிளைகள் பாறையை வழித்துக்கொண்டு போயின. பாதிப் பாசி சேற்றில் கிடந்தது.

ராக்கியப்பன் அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு அழுதார்.

"போச்சேம்மா! ஒரு தேவாங்குக்காகப் பாதி போச்சே!"

வேலாத்தாள் மடியை அவிழ்த்துக் காட்டினார். தேவாங்கு கண்ணைத் திறந்து ராக்கியப்பனைப் பார்த்தது.

"இதுக்காகவா?" என்றார் வேலாத்தாள். "கோடரியக் கீழ போட்டது எனக்காகத்தானுங்க. இதுக்காக நீங்க இன்னும் எதையும் கீழ போடலை."