முதல் கிண்ணம் பிரூனாவுக்கு

முன்னொரு காலத்துல, ஏழு கடல் தாண்டி, இத்தாலி தேசத்து மலை உச்சியில மொந்தெல்லான்னு ஓர் ஊர் இருந்துச்சு. கல்லு வீடு, கல்லுச் சந்து, சரிவெல்லாம் திராட்சைக் கொடி. பறிச்ச பழத்தை எல்லாம் மேலே சுமந்து வந்தவ பிரூனா. பிரூனா யாரு? ஒரு கோவேறு கழுதை! அதனால வருஷா வருஷம் புது ஒயின் திறந்தா முதல் கிண்ணம் அவளுக்குத்தான். அப்புறம்தான் மனுஷங்க வாயை நனைப்பாங்க.

ஒரு வருஷம் ஒரு பிரபு விருந்துக்கு வந்தார். ஊர்த்தலைவர் பல்லை இளிச்சுக்கிட்டு முதல் கிண்ணத்தை அவர்கிட்ட நீட்டிட்டார். புத்தி எங்கே மேயப் போச்சோ!

பிரூனா காலால தரையைத் தட்டினா. வாயைத் திறந்து பேசினா!

"சுமந்தவளை மறந்தீங்களா? என் முதல் கிண்ணம் வர்ற வரைக்கும் இந்த மலை வளரட்டும்!"

விடிஞ்சா மலை ஒரு பனை உயரம் வளர்ந்திருந்துச்சு. மறுநாள் இன்னொரு பனை. அதுக்கும் மறுநாள் இன்னொரு பனை.

அந்த ஊர்ல ஒரு பொண்ணு, பேரு நெல்லா. ஞாயித்துக்கிழமை அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தீனோ அடிவாரத்துக்காரன். பாவம், பொழுதெல்லாம் ஏறுறான், பாதி வழிதான் வர்றான்.

தலைவர் வெள்ளி மணி கொண்டுவந்தார். பிரூனா மாட்டேன்னுட்டா. பிரபு பட்டுப் போர்வை கொண்டுவந்தார். மாட்டேன்னுட்டா. "பீப்பாயோட குடிச்சுக்கோ தாயே!"ன்னு ஊரே கெஞ்சுச்சு.

"நீங்க குடிச்ச மிச்சம் எனக்கெதுக்கு?"ன்னா பிரூனா.

நெல்லா வீட்டுக்கு ஓடினா. அவ பொறந்தப்போ அப்பா மூடி வச்ச பீப்பாய் அங்கே இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்குத்தான் அதைத் திறக்கணும்.

"அடியே! முதல் கிண்ணம் நீயும் மாப்பிள்ளையும் குடிக்கணும்டி! முன்னாடியே திறந்தா கல்யாணம் நிலைக்காது!"ன்னு அம்மா அலறினா.

"மாப்பிள்ளை வந்து சேர்ந்தாத்தானேம்மா கல்யாணம்? பிரூனா விஷயத்துல தப்பு பண்ணினதும் நாமதானே?"

நெல்லா அழுதுக்கிட்டேதான் திறந்தா. முதல் கிண்ணத்தை ஏந்திட்டுப் போய் பிரூனா முன்னாடி வச்சா.

பிரூனா குடிச்சா. மூக்கை நக்கினா. "இருபது வருஷத்துக்கு முந்தின அறுவடை! ரொம்ப இனிப்பான வருஷம். இதையும் நான்தான்டி சுமந்தேன்"ன்னா.

மலை கடகடன்னு இறங்குச்சு. பிரூனா ஓடிப்போய், மூச்சு வாங்கி நின்ன தீனோவை முதுகுல ஏத்திக்கிட்டு வந்து சேர்ந்தா. ரெண்டாவது கிண்ணம் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்குப் பாதி. கல்யாணம் நிலைச்சுதான்னு கேக்குறீங்களா? பதினோரு பேரன் பேத்தி!

அதுக்கப்புறம் அந்த ஊர்ல ராஜாவே வந்தாலும் ரெண்டாவது கிண்ணம்தான். மலையும் இறங்கியாச்சு, கதையும் இறங்கியாச்சு. போங்க, உங்களைச் சுமந்தவங்களுக்கு முதல்ல ஊத்திட்டு அப்புறம் நீங்க குடிங்க.