கூவுமரத்தடியில் ஒரு சுவடு

ஊம்ம்... ஊம்ம்...

விடிந்தும் பனி விலகவில்லை. அல்லிமடுவின் தண்ணீர் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. அந்தச் சத்தம் மட்டும் காடெங்கும் உருண்டு வந்தது. பிறகு அது பேசியது.

"முக்குளிப்பான் கூட்டைப் பார்த்தீங்களா? குப்பைமேடு! பெத்த முட்டையைக் குப்பையில புதைக்கிறவளும் ஒரு தாயா!"

கரையெல்லாம் சிரிப்பு எழுந்தது. நாணலுக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த நாமக்கோழி நாச்சி மெல்லத் தலையைத் தூக்கிப் பக்கத்துக் கூட்டைப் பார்த்தாள். அங்கே முக்குளிப்பான் செவந்தி, கைப்பிடி அளவுப் பறவை, கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பேசியது கூவுமரம். மடுவின் மேட்டில் எப்போதோ விழுந்த ஒரு மருதமரம் அது. உள்ளே முழுப் பொந்து. ஒரு முனையில் வாய்வைத்துப் பேசினால் மறுமுனையில் இடிபோல வெளிவரும். எலி பேசினாலும் எருமை பேசினாலும் ஒரே குரல்தான். யார் பேசியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் காடு அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. போன கோடையில் சிறுத்தை பதுங்கியிருந்த புதரை ஒரு முயல் இந்த மரத்தில்தான் சொன்னது. சொன்னது யாரென்று கடைசிவரை சிறுத்தைக்குத் தெரியவில்லை. முயல் பிழைத்தது, மான்கூட்டமும் பிழைத்தது.

ஆனால் சிறுத்தை தினமும் வருவதில்லை. மரம் சும்மாவே கிடந்தது. சும்மா கிடந்த மரத்துக்கு வேடிக்கை கிடைத்தது. முதலில் மயிலின் கால், பிறகு மரநாயின் வாடை, இப்போது பத்து நாளாகச் செவந்தியின் கூடு.

முக்குளிப்பான் இரை தேட மூழ்கும்முன் ஈரப் பாசியை வாரி முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். மேலே பார்ப்பவர்களுக்கு வெறும் பாசிக் குவியலாகத் தெரியும். செவந்தியின் அம்மா அப்படிச் செய்தாள், அவளுடைய அம்மாவும் அப்படித்தான் செய்தாள். அந்தக் குவியல்தான் மரத்தின் வாயில் குப்பைமேடு ஆனது.

நாச்சிக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நாலு நாளைக்கு முன் அவளும் அந்தப் பொந்தில் வாய்வைத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம். "வைக்கும்போது வெள்ளை முட்டை, இப்போ பழுப்பு. அழுக வைக்கிறா!" பாசியின் சாயம் ஏறித்தான் முட்டை பழுப்பாகிறது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கரை முழுக்கச் சிரித்தபோது, தான் சொன்னதற்கு இத்தனை பேர் சிரிக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோனது. எல்லாரும்தானே சொல்கிறார்கள் என்று அன்றே அதை மறந்தும்போனாள்.

பனி விலகியது. செவந்தி இரைக்குக் கிளம்பினாள். அலகில் எடுத்த பாசியை ஒரு நொடி பார்த்தாள். பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, முட்டைகளை மூடாமல் மூழ்கினாள். நல்லா பார்த்துக்கட்டும், என் முட்டை அழுகலை என்று நினைத்திருப்பாள் போலும்.

அவள் ஒரு மீனோடு மேலே வருவதற்குள் முட்டை தின்னும் செம்போத்து வந்துபோய்விட்டது. கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன.

செவந்தி அன்று முழுக்க ஓடுகளின்மேல் உட்கார்ந்து அடைகாத்தாள். அதைப் பார்க்க முடியாமல் நாச்சி தன் கூட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் செவந்தி காட்டின் தலைவியான யானை பேராச்சியிடம் போய் நின்றாள். செம்போத்தின்மேல் அவளுக்கு வழக்கு இல்லை. பசிக்கு எடுத்தது, போகட்டும் என்றாள். கூவுமரத்துக்கு ஒரு சட்டம் வேண்டும் என்றுதான் கேட்டாள்.

மரத்தடியில் காடு கூடியது. காட்டுப்பன்றி கட்டையன்தான் முதலில் வாயைத் திறந்தான். வெறும் பேச்சுக்கு யாராவது சட்டம் போடுவார்களா, யாராவது அவள் கூட்டைத் தொட்டார்களா, தன்னைப்போலத் தோல் தடித்திருந்தால் இதெல்லாம் ஏறுமா என்று கேட்டான். குரங்குகள் ஆமாம் ஆமாம் என்றன. மான் ஒன்று, இனிமேல் பேரைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று சட்டம் போடலாம் என்றது. உடனே முயல் முன்னால் குதித்து வந்தது. பேரைச் சொல்லியிருந்தால் போன கோடையிலேயே தன்னைச் சிறுத்தை தின்றிருக்கும், அப்படி ஒரு சட்டம் வந்தால் அடுத்த சிறுத்தையைப் பற்றி யார் சொல்வார்கள் என்று கேட்டது.

பிறகு முயலே இன்னொன்றும் சொன்னது. "பேர் வேண்டாங்க. பொந்து வாசல்ல ஈரக் களிமண் போட்டு வைப்போம். பேசுறவங்க கால் அதுல பதியும். மேல ஒரு தேக்கிலையைப் போட்டு மூடிடலாம். யாரும் புகார் சொல்லாத வரைக்கும் அந்த இலையை யாரும் தொடக்கூடாது."

பேராச்சிக்கு அது பிடித்தது. களிமண் போட இடம் வேண்டுமே என்று, பொந்து வாசலில் குவிந்துகிடந்த சருகைத் துதிக்கையால் ஒதுக்கினாள்.

கூட்டம் எட்டிப் பார்த்தது.

போன வாரம் வரை பெய்த மழையின் சேறு சருகுக்கடியில் காய்ந்து கல்லாகியிருந்தது. அதில் சுவடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெரிந்துகிடந்தன. பன்றியின் குளம்பு, குரங்கின் கை, மயிலின் விரல், கீரியின் நகம். மரத்தில் கேலி பேசுவது யாரோ நாலு பேர் என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். இப்போது ஒருவரும் பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டையன்தான் சமாளித்தான். ஒரு மூலையைக் காலால் தட்டினான். அங்கே அகலமான ஒரு பறவைச் சுவடு. விரலின் இருபுறமும் பூவிதழ்போல விரிந்திருந்தது.

"பாருங்க, இதழ்விரல்! முக்குளிப்பான் கால் இது. இவளே வந்து கத்திட்டு இவளே அழுறா. இதுக்கு ஒரு கூட்டம் வேற."

"அளவு பெரிசா இருக்கே?" என்றது முயல்.

"சேறு காயும்போது அகண்டிருக்கும்" என்றது ஒரு குரங்கு. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பழைய சிரிப்புதான். மரத்துக்கு வெளியேயும் அது அப்படியே இருந்தது.

அந்த மடுவில் இதழ்விரல் இரண்டே இனத்துக்குத்தான், முக்குளிப்பானுக்கும் அதைவிடப் பெரிய நாமக்கோழிக்கும். நாச்சி தன் காலை மெதுவாகப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டாள். சும்மா இருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும், பழி செவந்தியோடு போய்விடும்.

செவந்தி முன்னால் வந்தாள். தரையில் நடக்கத் தெரியாத பறவை, தத்தித் தத்தி வந்தாள். தன் காலை அந்தச் சுவட்டுக்குள் வைத்தாள். குளத்தில் விழுந்த இலைபோல அது அதற்குள் தனியாகக் கிடந்தது. அவள் நாச்சியின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாததிலேயே நாச்சிக்குப் புரிந்தது. இவளுக்கு முன்பே தெரியும்.

நாச்சி புல்லை விட்டு வெளியே வந்தாள். செவந்தி காலை எடுத்ததும் தன் காலை வைத்தாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது.

"என் கால்தான்" என்றாள். "ஒரு தடவைதான் சொன்னேன் செவந்தி. சிரிக்கிறதுக்குத்தான். முட்டை பழுப்பானது பொய்யும் இல்லையே."

"பொய் சொன்னவங்க எவ்வளவோ பேரு. அதெல்லாம் எனக்கு உறைக்கலை" என்றாள் செவந்தி. "நான் வைக்கும்போது அது வெள்ளையா இருந்துச்சுன்னு இந்த மடுவுல உனக்கு மட்டும்தான் தெரியும் நாச்சி. அன்னிக்குத்தான் எனக்குப் பாசியை எடுக்கவே கூசிப்போச்சு."

நாச்சி அந்தச் சுவட்டிலிருந்து காலை எடுத்தாள்.

பேராச்சி அன்றே சட்டத்தைச் சொன்னாள். கூவுமரம் இருக்கும். அதன் வாசலில் ஈரக் களிமண்ணும் இருக்கும். ஆபத்தைச் சொன்ன சுவட்டை யாரும் தேடக்கூடாது. ஒருவரைப் புண்படுத்திய சொல்லுக்குப் புகார் வந்தால், எல்லார் முன்னாலும் இலையை எடுக்க வேண்டும். சுவட்டுக்குரியவர் புண்பட்டவரின் முகத்துக்கு நேரே நின்று, அதே சொல்லைத் தன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டு, கெடுத்ததைச் சரிக்கட்ட வேண்டும்.

"சட்டம் போட்டா நாக்கு அடங்கிடுமா?" என்றான் கட்டையன்.

"நாக்கு அடங்காது. கால் யோசிக்கும். முதல்ல நீ வா" என்றாள் பேராச்சி.

கட்டையன் செவந்தியின் முன் வந்து நின்றான். குப்பைமேடு என்று தொடங்கப் பார்த்தான். அவன் தலையில் பாதிகூட இல்லாத அந்தப் பறவை அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பொந்துக்குள் அத்தனை சுலபமாக வந்த சொல், தடித்த தொண்டையைத் தாண்டி வரவில்லை. சுவடு பதித்த ஒவ்வொருவரும் அப்படித்தான் வந்து நின்று, திணறி, தலையைக் கவிழ்த்தார்கள். உடைந்த முட்டைகளுக்கு ஈடாக எதைக் கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. களிமண்ணை நனைத்து வைப்பது பன்றியின் வேலையானது. அடுத்த முட்டையீட்டில் செவந்தி மூழ்கும்போதெல்லாம் கூட்டைக் காப்பது நாச்சியின் வேலையானது.

அடுத்த ஈடு மழை முடிந்து வந்தது. நாலு முட்டை, நாலும் வெள்ளை. நாச்சி தன் குஞ்சுகள் வளர்ந்து போனபின் தினமும் நாணலோரம் வந்து காவல் நின்றாள். முதல் நாள், மன்னித்துவிட்டாயா என்று கேட்டாள். செவந்தி ஒரு நாணலை இழுத்துக் கூட்டில் செருகினாள். பிறகு நாச்சி கேட்கவில்லை.

மேட்டில் மரம் பேசாமல் கிடந்தது. முட்டைகள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறின. செவந்தி எழுந்தாள், ஈரப் பாசியை வாரி நாலையும் மூடினாள், ஓரத்தில் விட்டுப்போன ஓர் இடத்தில் இன்னொரு வாய் பாசியை வைத்து அழுத்தினாள், தண்ணீருக்குள் மூழ்கினாள்.

மறைந்து நின்று பேச எளியவருக்கு உரிமை வேண்டும். ஆனால் மறைந்து நின்று அடுத்தவரைக் காயப்படுத்தியவர், சொன்னதற்குப் பொறுப்பேற்றே ஆக வேண்டும்.