பாயசம் பத்திரம்

சேலத்தை ஒட்டிய ஒரு ஸ்டூடியோ முற்றத்தில் சடகோபன் பதினாறாவது தடவையாக வழுக்கி விழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. வேப்பமரத்துக் காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபது வருஷம் நாடக மேடையில் ராஜபார்ட்டாக நின்றவர் சடகோபன். "இனி உங்க கொட்டகைப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன், சினிமாவுக்குப் போறேன்" என்று கம்பெனியில் வீராப்புப் பேசிவிட்டு வந்திருந்தார். கிடைத்தது இரண்டு ரீல் சிரிப்புப் படம், நீளமான புராணப் படம் ஒன்றோடு ஒட்டிக் காட்டுவதற்கு. ராஜா வேஷத்தைக் கலைக்க நேரமில்லாத நாடகக்காரன், கிரீடமும் தானுமாக மாமனார் வீட்டுப் பந்திக்குப் பாயசம் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுகிறான். கதை அவ்வளவுதான்.

படத்தை எடுத்தவர் ரஞ்சிதம் அம்மாள். சடகோபனைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆளும் குட்டை. ஆனால் விழுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஏணியிலிருந்து விழுவார், ஓடுகிற வண்டியிலிருந்து விழுவார், ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவரிடம் வெற்றிலை பாக்கு வைத்துச் சிஷ்யராகச் சேர்ந்திருந்தார் சடகோபன்.

கேமராவில் மிச்சமிருந்த பிலிம் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். வெயிலும் சாய்ந்துகொண்டிருந்தது. இதிலும் சிரிப்பு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக முதலாளி சொல்லியாயிற்று. பழைய கம்பெனியில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"வாத்தியாரம்மா, நான் விழுந்தா ஏன் சிரிப்பு வரமாட்டேங்குது? இன்னும் பலமா விழட்டுமா?"

"வேணாம்."

"கண்ணை உருட்டட்டுமா?"

"அதுவும் வேணாம். இடது கை எங்க இருக்குன்னு பாருங்க."

சடகோபன் தேடினார். கை கிரீடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கிரீடம் தரையில பட்டா கம்பெனிக்கே ஆகாதும்பாங்க. பழகிப்போச்சுங்க" என்றார் கூச்சத்தோடு. "கழட்டிடட்டுமா?"

"தலையிலேயே இருக்கட்டும்."

அம்மாள் சமையல்காரரைக் கூப்பிட்டார். ஒத்திகை முழுக்க வெறுமையாக இருந்த பித்தளைத் தவலையில், நிஜப் பாயசம் கழுத்துவரை வந்து விழுந்தது. ஏலக்காய் வாசனையில் ஸ்டூடியோவே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"காலையிலேர்ந்து ஒருத்தரும் சாப்பிடலை. முப்பது பேருக்கும் இது ஒண்ணுதான் இருக்கு. பந்தியில கொண்டுபோய்ச் சேத்துருங்க" என்றார்.

"அப்ப நான் விழ வேண்டாமா?"

"பாயசம் பத்திரம்" என்றார் அம்மாள். கேமரா ஓடத் தொடங்கியது.

சடகோபன் இரண்டு கையாலும் தவலையை அணைத்துக்கொண்டு நடந்தார். விளிம்புவரை தளும்பியது. மிதக்கிற முந்திரியைத் தவிர அவர் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் அடியோடு மறந்துபோயிற்று.

இடது கால் ஒரு பக்கம் போனது. வலது கால் இன்னொரு பக்கம் போனது. அடேயப்பா, அந்த இரண்டு காலும் போட்ட ஆட்டம்! தவலை மட்டும் அசையாமல் நடுவில் நின்றது. அதைச் சுற்றிச் சடகோபன் வளைந்தார், நெளிந்தார், பந்தியைத் தாண்டிச் சறுக்கிப்போய், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தவலையைத் தலைக்குமேல் தூக்கியபடி தொப்பென்று உட்கார்ந்தார். கிரீடம் பறந்துபோய், முற்றத்து ஓரத்தில் எருமை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தொட்டியில் விழுந்தது.

பந்தியில் இருந்தவர்கள் இலைமேலேயே புரண்டார்கள். கேமராக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். சிடுமூஞ்சி முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"வாத்தியாரம்மா! சிரிக்கிறாங்க!" என்று சடகோபன் தவலையை மடியில் இறக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே கூவினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் கை தலையைத் தடவிப் பார்த்தது. எருமை எதையோ முகர்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, கிரீடம்!"

அம்மாள் குனிந்து தவலைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாயசம் சிந்திச்சா?"

"ஒரு சொட்டுக்கூட இல்லைங்க."

"அப்ப எந்திரிச்சுப் பரிமாறுங்க. எல்லாரும் பசியா இருக்காங்க."