கோமளவல்லி பிடித்த சுருதி

காலனி நவராத்திரிப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வருஷா வருஷம் கோமளவல்லிக்குத்தான். இந்தத் தடவை மாவு மில்லில் வேலை பார்க்கும் பூரணியும் பேர் கொடுத்துவிட்டாள். ஒத்திகையில் அவள் குரலைக் கேட்டதிலிருந்து கோமளவல்லிக்கு வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை.

பூரணி பாட ஏறியபோது, மேடையில் இருந்த கையளவு சுருதிப்பெட்டியைக் காணோம்.

"சுருதி இல்லாமப் பாடுறதுதான்டி வித்தை. முடியலைன்னா இறங்கிடு," என்றாள் முன்வரிசையிலிருந்த கோமளவல்லி.

பூரணி கும்பிட்டாள். "நீங்க இருக்கும்போது பெட்டி எதுக்குக்கா? மேல வந்து ஒரு 'ஸா' பிடிங்க, போதும்."

கூட்டம் கைதட்டியது. மறுத்தால் மானம் போகும். கைப்பையை அணைத்தபடியே ஏறி, "ஸா..." என்று இழுத்தாள் கோமளவல்லி. பூரணியோ பல்லவியையே ஆற அமர, திரும்பத் திரும்பப் பாடினாள். சபை சொக்கச் சொக்க, கோமளவல்லிக்கு நெஞ்சு வெந்தது; மூச்சு முட்டியது; சுருதி தள்ளாடியது. அதற்குமேல் தாங்காமல் கைப்பையைத் திறந்து, "இந்தாடி, பெட்டி!" என்று நீட்டிவிட்டாள்.

சபை கொல்லென்று சிரித்தது.

"பெட்டி கிடக்கட்டும்க்கா," என்றாள் பூரணி. "இன்னும் மூணு சரணம் இருக்கு, பிடிங்க."