வெயிலுக்கு நீட்டிய கல்

“அந்த மூன்றும் பொக்கு. எந்த மழையில் உடையுமோ.”

பக்கத்துப் பாறை நாரையிடம் சொன்னது அது. கேட்கக் கூடாத மூவரின் காதிலும் விழுந்துவிட்டது.

கற்கள் பேசிய காலம். நெருப்புக் குழம்பாக ஓடிய மலை ஆறியபோது, காற்றுக்குமிழி இருந்த இடத்திலெல்லாம் வெற்றுக்கூடாய் நின்ற கற்கள் பல. அவற்றில் மூன்று, அக்கா தங்கைகள். வெட்கம் தாங்காமல் மழையிடம் போய், எங்களை நிரப்பு என்று கேட்டார்கள். மழை ஒப்புக்கொண்டது. ஆனால் மேல்தோல் சொரசொரப்பாகவே இருக்க வேண்டும், உள்ளே இருப்பதைப் பீற்றிக்கொள்ளக் கூடாது என்றது.

மூத்தவள் ஒவ்வொரு மழைக்கும் ஒரு கோடு வைத்துக்கொண்டாள். வெள்ளை, சாம்பல், தேன்நிறம். நடுவிலுள்ளவள் ஒரே புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாக நிரம்பினாள். உள்ளே ஒரு கண் திறந்தது. கடைக்குட்டி நிரம்பும் முன்பே பஞ்சம் வந்தது. காய்ந்துகொண்டிருந்த பாசி அவள் வாசலில் வந்து நின்றது. அதை உள்ளே விட்டு, அடுத்த மழையில் வாயை மூடிக்கொண்டாள்.

யுகங்கள் போயின. மணி செய்யும் ஆதனும் அவன் மனைவி சாத்தியும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். எடுத்த கல்லையெல்லாம் உடைத்துப் பார்ப்பதுதான் அவர்கள் தொழிலின் வழக்கம். ஆதன் கையில் கடைக்குட்டி சிக்கினாள். சுத்தியல் உயர்ந்தது.

“அவளை விடு,” என்றாள் மூத்தவள். “அவளுக்குள் ஒரு உயிர் குடியிருக்கிறது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் என்னை உடை.”

ஆதன் அவளை உடைத்தான். இரண்டு பாதிகளிலும் ஆயிரம் மழைகள் கோடு கோடாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல் கிடந்தன. சாத்தி குனிந்து ஏதோ கேட்டாள். உடைந்ததோடு மூத்தவளின் பேச்சும் போய்விட்டிருந்தது.

அதைக் கண்ட தங்கைகள் வாயை இறுக்கிக்கொண்டார்கள். பாறையும்தான்.

“இதற்குள்ளேயே இவ்வளவு என்றால், அதற்குள் என்ன இருக்குமோ,” என்று ஆதன் மறுபடி கடைக்குட்டியை எடுத்தான். சாத்தி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். ஆற்றில் நனைத்து, மெல்லிய விளிம்பை வெயிலுக்கு நேராக நீட்டினாள்.

கல்லுக்குள் வெளிச்சம் இறங்கியது. தேங்கிய நீரில் நிற்பதுபோல் பச்சைப் பாசி, கிளை கிளையாக, அசையாமல் நின்றது. அடுத்ததை நீட்டினாள், ஒரு கண் அவளைப் பார்த்தது. பக்கத்துப் பாறையின் சில்லு ஒன்றையும் எடுத்து நீட்டினாள். அது கறுப்பாகவே இருந்தது.

இன்று நாம் அகேட் என்று சொல்லும் கல்லைத் தேடுகிறவர்கள், சுத்தியலைத் தொடும் முன் கல்லை நனைத்து வெயிலுக்கு நீட்டும் பழக்கம் அன்று பிறந்தது. கோடு, கண், பாசி என்று பெயர் சொல்லிப் பிரிப்பதும் அப்படித்தான்.

சாத்தி கண் கல்லை மடியில் கட்டிக்கொண்டாள். பாசிக் கல்லை எடுத்த இடத்திலேயே, ஈர மணலில் பதித்து வைத்தாள்.