கடைசிப் பக்கத்து மாங்காய்

"எனக்குப் படிப்பு போயிடுச்சு, பர்வீன்" என்றாள் கோகிலவாணி.

இடுப்பில் குழந்தை. தோளில் பை. பைக்குள் ஒரு தடித்த நாவல், எடுத்துப் போன மேனிக்கே திரும்பி வந்திருந்தது.

"எங்கே போச்சு?" என்றாள் பர்வீன். தலையை நிமிர்த்தவில்லை. நைந்த புத்தகம் ஒன்றின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சா நானே போய்க் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?"

தாராபுரத்தில், மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த வாடகை நூலகம். பர்வீனின் அத்தா நடத்தியது. அவருக்குப் பிறகு பர்வீன் நடத்துகிறாள். ஊரில் படிக்கிறவர்கள் அவளைக் குரு என்றுதான் சொல்வார்கள். முதலில் கேலிக்குத்தான் சொன்னார்கள். போகப் போக கேலி தேய்ந்து பட்டம் மட்டும் நின்றுவிட்டது.

குருவுக்கான லட்சணம் ஒன்றும் அவளிடம் கிடையாது. வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. கல்யாணம் ஆகவில்லை. கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். ஆனால் அவள் எடுத்துக் கொடுத்த நாவலைப் பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் குறைவு. ஏன் இதைக் கொடுத்தாய் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

கோகிலவாணிக்கு அவளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்து பெற்ற குழந்தை. நேற்றுப் பிறந்த பெண்ணிடம் வந்து புலம்பும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இவளுக்குப் பிள்ளை பெற்ற பாடு என்ன தெரியும்?

இருந்தாலும் சொன்னாள்.

"முதல் வரியைப் படிக்கறேன். பாப்பா சிணுங்குற மாதிரி இருக்கு. எழுந்து போய்ப் பாக்கறேன். அது நல்லாத் தூங்குது. திரும்பி வந்து முதல் வரியைப் படிக்கறேன். மறுபடியும் சிணுங்குற மாதிரி இருக்கு. போன மாசம் பூரா நான் படிச்சது அந்த ஒரு வரிதான்."

"என்ன வரிங்கக்கா அது?"

கோகிலவாணி யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

குழந்தை பிறந்த புதிதில், பச்சை உடம்போடு படித்தால் கண் கெட்டுப் போகும் என்று மாமியார் அவளுடைய புத்தகங்களை எல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டார். அன்றைக்கு கோகிலவாணி சிரித்தாள். பிறகு புத்தகங்கள் கீழே இறங்கின. சிரிப்பு நின்றுவிட்டது.

பிரசவ அறைக்குள் போனவள் ஒருத்தி, வெளியே வந்தவள் வேறொருத்தி என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே போனவள் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் படிப்பாள். வெளியே வந்தவளுக்குப் பால் கொடுக்கத் தெரிந்தது, துணி மடிக்கத் தெரிந்தது, குழந்தையின் தும்மலை அடுத்த அறையிலிருந்து கேட்கத் தெரிந்தது. குழந்தை என்றால் அவளுக்கு உயிர். அதில் குறையே இல்லை. ஆனால் உள்ளே போனவளை நினைத்தால் அழுகை வந்தது.

பர்வீன் தடித்த நாவலை வாங்கிப் பார்த்தாள். பரிசு வாங்கிய நாவல். அதைப் படிக்காதவர்களைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதை நீங்களாத்தானே எடுத்தீங்க?"

"ஆமா."

"படிக்கணும்னு ஆசையா இருந்துச்சா?"

"எல்லாரும் படிச்சுட்டாங்க. நான் மட்டும் படிக்கலைன்னா எப்படி?"

பர்வீன் அதை அலமாரியில் வைத்துவிட்டு, ஒல்லியான ஒரு நாவலை எடுத்து நீட்டினாள்.

கோகிலவாணி வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

வாடகை நூலகத்தில் எடுத்துப் படிப்பவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. படித்ததையே மறுபடியும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, ஆளுக்கு ஒரு குறி போட்டு வைப்பார்கள். ஒருவர் ஏதாவது ஒரு பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். இன்னொருவர் அட்டையின் உள்பக்கம் முக்கோணம் போடுவார். கோகிலவாணியின் குறி, கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு குட்டி மாங்காய். கல்லூரிக் காலத்திலிருந்து அதுதான். முழுக்கப் படித்து முடித்தால்தான் மாங்காய். பாதியில் விட்ட புத்தகத்துக்குக் கிடையாது. அதில் அவள் ரொம்பக் கறார்.

ஒல்லி நாவலில் மாங்காய் இல்லை. ஆனால் அவள் அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இவ்வளவுதான் எனக்குத் தாங்கும்னு நினைச்சிட்டியா?"

பர்வீன் பசைக் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

"வீட்ல மாசக்கணக்காப் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டாச்சு. நீயும் எனக்குப் பத்தியம் போடாதே."

பர்வீன் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். பிறகு மூலைக்குப் போனாள். அங்கே பாரக் கல்லின் அடியில் புத்தகங்கள் பைண்டிங்குக்காக அழுந்திக் கிடந்தன. கல்லைத் தூக்கி ஒன்றை உருவினாள். கனமான புத்தகம். பழுப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை. மேலே ஓர் எழுத்துகூட இல்லை.

"பேரு என்ன?"

"முதல் பக்கம் போயிடுச்சுக்கா."

"எழுதுனது யாரு?"

"அந்தப் பக்கத்தோட அவரும் போயிட்டாரு."

"எதைப் பத்தின கதை?"

பர்வீன் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள்.

கோகிலவாணி வழக்கம்போல் பின்பக்கத்தைத் திருப்பப் போனாள். பர்வீன் அட்டைமேல் கையை வைத்து அழுத்தினாள்.

"பின்னாடி இன்னும் பசை காயலை. இப்பப் பிரிச்சா விட்டுரும். நாளைக்குக் காஞ்சுரும்."

*

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கோகிலவாணிக்கு ஒரே குடைச்சல்.

பெயர் இல்லாத புத்தகத்தை ஒருத்தி கையில் திணித்தால் என்ன அர்த்தம்? பின்பக்கத்தைப் பார்க்காதே என்றால் என்ன அர்த்தம்? தாய்மையின் பெருமை பேசும் நாவலாகத்தான் இருக்கும். பெயரைச் சொன்னால் இவள் எடுக்க மாட்டாள் என்று பர்வீன் மறைத்திருக்கிறாள். கடைசியில் கதாநாயகி தொட்டிலை ஆட்டிக்கொண்டே கண்ணீர் விடுவாள். அதனால்தான் அந்தப் பசை.

இன்னொன்றும் தோன்றியது. பர்வீனின் அம்மாவும் தன் மாமியாரும் ஒரே தள்ளுவண்டியில்தான் காய் வாங்குகிறார்கள். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்களோ?

இதைப் புருஷன் முருகானந்தத்திடம் சொன்னாள்.

"படிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுறப் போகுது" என்றான் அவன்.

இவனும் கூட்டோ என்று அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"படிக்கறதுக்காக ஒண்ணும் இல்லை. அவ திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்கத்தான் பிரிக்கறேன். தெரிஞ்சுக்கோங்க."

பிரித்தாள்.

மலைக்கோயில் அடிவாரத்தில் ஒரு லாட்ஜ். விடாத மழை. பாலம் உடைந்துவிட்டது. கல்யாணக் கோஷ்டி ஒன்று அங்கே மாட்டிக்கொள்கிறது. விடிந்து பார்த்தால் மணப்பெண்ணின் நகைப் பெட்டியைக் காணோம்.

குழந்தை எந்த இடத்தில் வரும் என்று கோகிலவாணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வரவில்லை. லாட்ஜ் மேனேஜர் வந்தார். ஜவ்வாது மணக்கும் பெரியப்பா வந்தார். எல்லோருக்கும் காப்பி கொண்டுவரும் சமையல்காரன் வந்தான். அவனுடைய சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாப்பா அழுதது. தூக்கினாள், பால் கொடுத்தாள், தோளில் போட்டுத் தட்டினாள். திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து படித்தாள்.

மறுநாள் பசை காய்ந்துவிட்டது. கோகிலவாணி அதைக் கவனிக்கவில்லை.

தலையணைமேல் புத்தகம், மடியில் பாப்பா என்று உட்கார்ந்திருந்தவளை மாமியார் எட்டிப் பார்த்தார்.

"கண்ணு வலிக்கப் போகுது கோகிலா."

"இருங்கத்தை. பெட்டியை எடுத்தது யாருன்னு தெரியட்டும்."

"எந்தப் பெட்டி?"

"நகைப் பெட்டிதான். எனக்கென்னவோ அந்தச் சமையக்காரன் மேலதான் சந்தேகம்."

மாமியார் உள்ளே போய்த் தன் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. முருகானந்தம் ஓடிப் போய் அணைத்தான். சமையல்காரன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். கையில் காப்பித் தட்டு இல்லை. பிறகு எதற்கு ஏறுகிறான்? கோகிலவாணி பக்கத்தைத் திருப்பினாள். திருப்பினாள். திருப்பிக்கொண்டே இருந்தாள்.

எடுத்தது சமையல்காரன் இல்லை. மணப்பெண்ணே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

"அடிப்பாவி, நீயா!" என்றாள் கோகிலவாணி வாய்விட்டு. பாப்பா திடுக்கிட்டு விழித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையைப் பார்த்தாள்.

அங்கே ஒரு மாங்காய் இருந்தது.

காம்பு இடது பக்கம் சாய்ந்த மாங்காய். கல்லூரியில் படித்தபோது அவள் அப்படித்தான் போடுவாள்.

*

மருந்துக் கடை மாடிப்படியை அவள் ஏறி வந்த வேகத்தில் குழந்தைக்கு விக்கல் எடுத்துவிட்டது.

"என்னை ஏமாத்திட்டே!"

பர்வீன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கோகிலவாணி உட்காரவில்லை.

"இது நான் படிச்ச புத்தகம். காலேஜ்ல படிக்கறப்பவே உங்கத்தாகிட்ட எடுத்துப் படிச்சிருக்கேன். உனக்குத் தெரியும். என் குறி உனக்குத் தெரியும். அதனாலதான் பசை காயலைன்னு சொன்னே. முதல் பக்கத்தைக்கூட நீயே கிழிச்சிருப்பே. இல்லைன்னு சொல்லு பாப்போம்!"

பர்வீன் எழுந்து போய், ஒரு டம்ளரில் தண்ணீரும் சின்னக் கரண்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

கோகிலவாணி குழந்தைக்கு இரண்டு சொட்டு புகட்டினாள். விக்கல் நின்றது. அவள் குரலும் இறங்கிவிட்டது.

"சரி, ஏமாத்துனே. அதுகூடப் பரவாயில்லை. ஒரு வரி ஞாபகம் இல்லையே பர்வீன். அந்த லாட்ஜ் ஞாபகம் இல்லை. மழை ஞாபகம் இல்லை. எடுத்தது அந்தப் பொண்ணுதான்னு தெரியாம, அந்தச் சமையக்காரனைப் போய்க் கரிச்சுக் கொட்டிட்டு இருந்திருக்கேன்."

முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"அப்போ அந்தப் பழைய கோகிலவாணி நிஜமாவே போயிட்டாதானே? படிச்சதையெல்லாம் எடுத்துக்கிட்டே போயிட்டா. என்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்லை. நீ அதைக் காட்டிக் குடுக்கத்தான் இதைத் தந்தியா?"

பர்வீன் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பழுப்பு அட்டையைத் தடவினாள். ஓரத்தில் பால் காய்ந்த கறை. நடுவில் ஒரு பிஞ்சுக் கை கசக்கிய பக்கம்.

"முன்னாடியே படிச்சதுன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"சொன்னேனே. மாங்காய் இருந்துச்சு."

"எங்கே?"

"உனக்குத் தெரியாதா? கடைசிப் பக்கத்துல."

பர்வீன் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கடைசிப் பக்கத்துக்கு எப்படிக்கா போனீங்க?"

"படிச்சுத்தான்..." என்று ஆரம்பித்த கோகிலவாணி பாதியில் நிறுத்தினாள்.

கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது.

அவள் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி மடியில் வைத்தாள். பழைய மாங்காயின் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை விரலால் தடவினாள்.

"ஒரு பென்சில் குடு" என்றாள்.